தீவிர இடைவெளிப் பயிற்சியில் கைக்கடிகாரத்தை எதற்கு நம்பலாம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உடற்பயிற்சிக்கான ஸ்மார்ட்வாட்ச்கள் பற்றித் தங்கள் நாளிதழின் நலவாழ்வுப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். எந்த மாடலில் என்ன வசதி, பேட்டரி எத்தனை நாள் நிற்கும், தண்ணீர் பட்டால் தாங்குமா என்பதெல்லாம் தெளிவாக இருந்தது. ஆனால் ஹெச்.ஐ.ஐ.டி. எனப்படும் தீவிர இடைவெளிப் பயிற்சி (சிறிது நேரம் கடும் உழைப்பு, சிறிது ஓய்வு என்று மாறி மாறிச் செய்வது) செய்வோருக்கும் இவை துல்லியமான துணை என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். நடைக்கும் மெதுவோட்டத்துக்கும் அந்த வரி பொருந்தும். இந்தப் பயிற்சிக்குப் பொருந்தாது. இதில் கடிகாரம் காட்டும் நேரத்தை முழுதாக நம்பலாம். இதயத் துடிப்பை அதன் தாமதத்தையும் கணக்கில் கொண்டு படிக்க வேண்டும். கலோரிக் கணக்கைப் பார்க்காமலே விட்டுவிடலாம். இதற்கான காரணங்களையும், இருக்கும் கடிகாரத்தை வைத்தே சரியாகப் பயிற்சி செய்யும் வழியையும் வாசகர்கள் அறிய வேண்டும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

கடிகாரத்தின் அடிப்பக்கத்தில் பச்சை நிற எல்.இ.டி. விளக்குகள் மினுக்குவதைப் பலரும் பார்த்திருப்பார்கள். ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சும். இதயம் துடிக்கும் ஒவ்வொரு முறையும் மணிக்கட்டின் நுண்ணிய ரத்தக் குழாய்களில் ரத்தம் சற்றுக் கூடுகிறது. அப்போது தோலிலிருந்து திரும்பி வரும் ஒளி சற்றுக் குறைகிறது. விளக்குகளுக்கு அருகிலேயே இருக்கும் ஒளி உணரி இந்த ஏற்ற இறக்கத்தைப் பதிவு செய்ய, மென்பொருள் அதிலிருந்து நிமிடத்துக்கு எத்தனை துடிப்பு என்று கணக்கிடுகிறது. ஆகக் கடிகாரம் அளப்பது ரத்த ஓட்டத்தின் நிழலை. இதயத்தை நேரடியாக அல்ல. திரும்பி வரும் மொத்த ஒளியில் துடிப்பால் மாறும் பங்கு மிகச் சிறியது. கை அசையாமல் இருக்கும்வரை அந்தச் சிறு மாற்றத்தைப் பிரித்தெடுப்பது எளிது. அதனால்தான் உட்கார்ந்திருக்கும்போதும் உறங்கும்போதும் ஓரளவு நல்ல கடிகாரங்கள் எல்லாமே சரியாகக் காட்டுகின்றன.

கை வேகமாக ஆடத் தொடங்கினால் கடிகாரம் தோல்மீது நழுவும், தசைநார்கள் புடைக்கும், குழாய்களில் உள்ள ரத்தமே குலுங்கும். இவை எல்லாம் துடிப்பைப் போலவே ஒளியை மாற்றும். கடிகாரத்துக்குள் இருக்கும் முடுக்கமானி கையசைவை அளந்து சொல்ல, மென்பொருள் அந்த அசைவின் பங்கைக் கழித்துவிட்டு மீதியைத் துடிப்பாகக் கொள்கிறது. இந்தக் கழித்தல் சீரான அசைவுக்கு நன்றாக வேலை செய்யும். சிக்கல் எப்போது என்றால், அசைவின் வேகமும் துடிப்பின் வேகமும் ஒன்றையொன்று நெருங்கும்போது. ஓடுபவரின் காலடிகள் நிமிடத்துக்கு 160 முதல் 180 வரை இருக்கும். கடும் உழைப்பில் இதயமும் அதே எல்லையில்தான் துடிக்கும். சந்தைக் கூச்சலில் உரத்த குரலே காதில் விழுவதுபோல, மென்பொருள் காலடியைப் பிடித்துக்கொண்டு அதையே துடிப்பாகக் காட்டிவிடும். ஓட்டக்காரர்கள் இதை 'கேடன்ஸ் லாக்' என்பார்கள். மெதுவாக ஓடத் தொடங்கிய இரண்டாவது நிமிடத்திலேயே 172 என்று காட்டி அந்த எண்ணிலேயே அசையாமல் நின்றால், பெரும்பாலும் அது இதயமல்ல, கால்கள். பத்து வினாடி நின்று பாருங்கள். எண் சட்டென்று 40, 50 குறைந்தால் சந்தேகமே வேண்டாம்.

இனி தாமதத்துக்கு வருகிறேன். மக்களை அதிகம் ஏமாற்றுவது இதுதான் என்பது என் உறுதியான கருத்து. தாமதம் இரண்டு வகை. முதலாவது உடலுடையது. நீங்கள் முழு வேகத்தில் பாய்ந்த அதே நொடியில் தசைகளின் தேவை உச்சத்துக்குப் போகிறது. இதயம் அப்படிப் போவதில்லை. நரம்பின் கட்டுப்பாடு தளர்வதால் முதல் சில வினாடிகளில் ஒரு தாவல், பிறகு ஏறுமுகம், அந்த உழைப்புக்குரிய அளவைத் தொட ஒன்று முதல் மூன்று நிமிடம் வரை ஆகும். எந்தக் கருவியாலும் இதை மாற்ற முடியாது, மருத்துவமனையின் இ.சி.ஜி. கருவியும் இதையேதான் காட்டும். இரண்டாவது கடிகாரத்தின் தாமதம். இரைச்சலைக் குறைப்பதற்காக மென்பொருள் கடந்த சில வினாடிகளின் அலைகளைச் சேர்த்துப் பார்த்து, சராசரி எடுத்த பிறகே எண்ணைத் திரைக்கு அனுப்புகிறது. சீரான ஓட்டத்தில் இது பொருட்டே அல்ல. இருபது வினாடியில் முடிந்துபோகும் ஒரு சுற்றில் இதுவே எல்லாம்.

தபாட்டா முறையை எடுத்துக்கொள்வோம்: 20 வினாடி முழு உழைப்பு, 10 வினாடி ஓய்வு, எட்டுச் சுற்று, மொத்தம் நான்கே நிமிடம். உடலைச் சூடேற்றி முடித்தபோது துடிப்பு 115 என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் 20 வினாடி முடியும்போது உண்மையான துடிப்பு 138-ஐ எட்டியிருக்கலாம். மணிக்கட்டில் 121 தெரியும். ஓய்வின் பத்து வினாடியில் உண்மைத் துடிப்பு அதே அளவில் நிற்கும் அல்லது ஓரிரண்டு கூடும். மணிக்கட்டில் உள்ள எண்ணோ அப்போதுதான் ஏறிக்கொண்டிருக்கும். நான்காவது சுற்றில் உண்மை 162, கடிகாரம் 150. எட்டாவது சுற்று முடிந்து நீங்கள் குனிந்து முழங்காலில் கைவைத்து மூச்சு வாங்கும்போது இதயம் இறங்கத் தொடங்கிவிட்டிருக்கும். கடிகாரம் அதற்குப் பத்துப் பதினைந்து வினாடி கழித்துத்தான் தன் உச்ச எண்ணைக் காட்டும். இந்த எண்கள் விளக்கத்துக்காகச் சொன்னவை, ஆளுக்கு ஆள் மாறும். கோட்டின் வடிவம் மாறாது. வேலை செய்யும்போது குறைவாகவும் ஓய்வில் அதிகமாகவும் காட்டும் அந்த வடிவம்தான் பயிற்சியைக் கெடுக்கிறது. முதல் சுற்றில் 121-ஐப் பார்த்தவர் "இன்னும் போதவில்லை" என்று சக்திக்கு மீறி முடுக்குகிறார். மூன்றாவது சுற்றிலேயே தளர்ந்து, உடற்பாங்கு குலைந்து, முதுகையோ முழங்காலையோ வருத்திக்கொள்கிறார்.

இந்த முறைக்குப் பெயர் தந்த ஜப்பானிய ஆய்வாளர் இசுமி தபாட்டாவும் குழுவினரும் 1996-இல் வெளியிட்ட ஆய்வு இந்த இடத்தில் மிகவும் பயனுள்ளது. அதில் உழைப்பின் கடுமையை அவர்கள் நாடித்துடிப்பால் நிர்ணயிக்கவே இல்லை. நிலையான சைக்கிளில், ஒருவரின் உச்ச ஆக்சிஜன் பயன்பாட்டுக்கு (கடும் உழைப்பில் உடல் பயன்படுத்தக்கூடிய மிக அதிக ஆக்சிஜன்) உரிய சுமையைப்போல் 170 சதவீதம் வைத்து மிதிக்கச் செய்தார்கள். மிதிவேகம் நிமிடத்துக்கு 85 சுற்றுக்குக் கீழே போனால் நிறுத்தம். ஒன்பது சுற்றுகளுக்கு மேல் தாங்கினால் அடுத்த முறை சுமை 11 வாட் கூட்டப்படும். அவ்வளவுதான். இந்தப் பயிற்சிக்குப் பெயர் தந்தவர்களே துடிப்பைப் பார்த்து முடுக்கவில்லை என்னும்போது, மணிக்கட்டின் எண்ணைப் பார்த்து முடுக்க நமக்குக் காரணமே இல்லை.

ஆனால் இதைப் படித்துவிட்டுக் கடிகாரத்தைக் கழற்றிவைக்க வேண்டாம். எல்லா இடைவெளிப் பயிற்சியும் தபாட்டா அல்ல. நார்வே நாட்டு ஆய்வாளர்களால் பரவலான 4x4 முறையில், உச்சத் துடிப்பில் (ஒருவரின் இதயம் துடிக்கக்கூடிய மிக உயர்ந்த வேகம்) 90 முதல் 95 சதவீதம் வரும்படி நான்கு நிமிடம் உழைத்து, 70 சதவீத அளவில் மூன்று நிமிடம் மெதுவாக ஓடி அல்லது நடந்து, இப்படி நான்கு முறை செய்கிறார்கள். இங்கே துடிப்பே அளவுகோல். நான்கு நிமிடம் என்பது உடலின் தாமதமும் கடிகாரத்தின் தாமதமும் தீர்ந்துபோகப் போதுமான நேரம். முதல் ஒன்றரை நிமிடம் வேகத்தையோ மூச்சையோ வைத்து ஓடுங்கள். அதன்பிறகு எண்ணைப் பாருங்கள். கடைசி இரண்டு நிமிடத்தில் அது இலக்குக்குள் இருந்தால் அந்தச் சுற்று சரி. பொதுவாக இப்படி வைத்துக்கொள்ளலாம்: சுற்று ஒரு நிமிடத்துக்குக் குறைவென்றால் நடுவில் துடிப்பைப் பார்க்கவே வேண்டாம். ஒன்று முதல் இரண்டு நிமிடம் என்றால் முடியும் தறுவாயில் ஒரு பார்வை போதும். மூன்று நிமிடமும் அதற்கு மேலும் என்றால் துடிப்பை வைத்தே வேகத்தைச் சரிசெய்யலாம்.

எந்தப் பயிற்சியைச் செய்கிறோம் என்பதும் முக்கியம். நிலையான சைக்கிளில் கை ஒரே இடத்தில் ஊன்றியிருப்பதால் கடிகாரம் நன்றாக வேலை செய்யும். கைப்பிடியை இறுக்கிப் பிடித்து மணிக்கட்டை மடக்காமல் இருந்தால் போதும். டிரெட்மில் ஓட்டம் நடுத்தரம். துடுப்பு வலிப்பதுபோல் இழுக்கும் ரோயிங் மெஷினில் ஒவ்வொரு இழுப்பிலும் பிடி இறுகித் தளர்வதால் முன்கைத் தசைகள் ரத்தத்தைப் பிழிந்து விடுவிக்கின்றன, அளவு குழம்பும். கெட்டில்பெல் (கைப்பிடி வைத்த இரும்பு உருண்டை), பேட்டில் ரோப் (தடித்த கயிற்றைக் கைகளால் அலையாக அடிப்பது), பர்ப்பீ (குந்தி, புஷ்-அப் நிலைக்குப் போய், எழுந்து குதிப்பது), புஷ்-அப் ஆகியவைதான் மிக மோசம். புஷ்-அப்பில் மணிக்கட்டு பின்னோக்கி மடங்கும்போது கடிகாரத்தின் ஒரு விளிம்பு மேலெழுகிறது, அந்த இடைவெளியில் வெளி ஒளி புகுந்துவிடுகிறது. போதாக்குறைக்கு, பக்கவாட்டுப் பொத்தான் புறங்கையில் அழுந்திப் பயிற்சிப் பதிவே பாதியில் நின்றுபோகும். முடிந்தபின் பார்த்தால் பதினெட்டு நிமிடப் பயிற்சியில் ஆறு நிமிடம்தான் பதிவாகியிருக்கும். பல மாடல்களில் அமைப்புகளுக்குள் சென்று பொத்தான் முழங்கைப் பக்கம் வரும்படி திரையைத் திருப்பிக்கொள்ளலாம். தொடுதிரைப் பூட்டையும் போட்டுவிடுங்கள். வியர்வைத் துளியே விரல் தொட்டதுபோல் திரையை இயக்கிவிடும். கெட்டில்பெல்லை மேலே வீசும் பயிற்சியில் உருண்டை மணிக்கட்டில் வந்து மோதும் என்பதால், அன்று கடிகாரத்தைக் கழற்றிவிட்டு வேறு உணரியைப் பயன்படுத்துவதே சரி.

அணியும் முறையைப் பற்றி யாரும் விரிவாகச் சொல்வதில்லை. பிழைகளில் கணிசமான பங்கு இங்கேதான் பிறக்கிறது. மணிக்கட்டு எலும்பின்மேல் தளர்வாகத் தொங்கவிடுவது அன்றாடத்துக்குச் சரி, பயிற்சிக்குச் சரிவராது. எலும்பிலிருந்து இரண்டு விரல் அகலம் முழங்கைப் பக்கமாக ஏற்றுங்கள். அங்கே சதை சற்றுக் கூடுதல், மடிப்பு குறைவு. பட்டையை அன்றாட அளவிலிருந்து ஒரு துளை இறுக்குங்கள். விரலால் கடிகாரத்தைத் தள்ளினால் தோலும் சேர்ந்து நகர வேண்டும். கடிகாரம் மட்டும் தோல்மீது வழுக்கினால் இன்னும் தளர்வு. விரல்கள் மரத்தாலோ கழற்றியபின் ஆழமான பள்ளம் தெரிந்தாலோ இறுக்கம் அதிகம். அதிக இறுக்கமும் ரத்த ஓட்டத்தைத் தடுத்து அளவைக் கெடுக்கும். பயிற்சி முடிந்ததும் மறக்காமல் தளர்த்திவிடுங்கள், இல்லையென்றால் வியர்வை தங்கித் தோல் சிவந்து அரிக்கும். அடிப்பக்கக் கண்ணாடியில் எண்ணெய், சன்ஸ்கிரீன், காய்ந்த வியர்வை உப்பு படிந்திருந்தால் ஈரத்துணியால் துடைக்கவும். டாட்டூ மை ஒளியைத் தடுக்கும் என்பதால் டாட்டூ உள்ள கையில் கட்டாதீர்கள். குளிரில் தோலின் குழாய்கள் சுருங்கிவிடும். குளிர்ந்த அறையில் நுழைந்தவுடன் தொடங்கினால் முதல் சில நிமிடங்கள் எண் தாறுமாறாக இருக்கும். பத்து நிமிடம் சூடேற்றிக்கொள்வது தசைக்கு எவ்வளவு நல்லதோ அவ்வளவு உணரிக்கும் நல்லது.

தோலின் நிறம் பற்றியும் அடிக்கடி கேள்வி வருகிறது. மெலனின் பச்சை ஒளியை உறிஞ்சும் என்பது உண்மை, கவலைக்குக் காரணம் இருக்கிறது. ஆனால் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தினர் 2020-இல் வெளியிட்ட ஆய்வில், வெவ்வேறு தோல் நிறத்தவரிடையே துடிப்பு அளவின் துல்லியத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. கருவிக்குக் கருவிதான் வேறுபாடு தெரிந்தது. ஓய்வில் இருப்பதைவிட அசைவின்போது பிழை சராசரியாக 30 சதவீதம் கூடியது என்பதும் அதே ஆய்வின் முடிவு. அந்த அசைவும் கடுமையான பயிற்சி அல்ல, சாதாரண நடைதான்.

கடிகாரம் சரியாக அளந்தாலும், உழைப்பு எவ்வளவு கடுமை என்று பிரித்துக் காட்டும் அதன் வண்ண மண்டலங்கள் தவறாக இருக்கலாம். ஐந்து மண்டலங்களும் உங்கள் உச்சத் துடிப்பை அடிப்படையாகக் கொண்டவை. அந்த உச்சத்தைக் கடிகாரம் எப்படி அறிந்தது? பிறந்த ஆண்டைக் கொடுத்தீர்கள். அது பெரும்பாலும் 220-இலிருந்து வயதைக் கழித்துக்கொண்டது. 2001-இல் தனாகா குழுவினர் தந்த 208 கழித்தல் 0.7 பெருக்கல் வயது என்ற சூத்திரம் முதியவர்களுக்கு இதைவிடப் பொருத்தமானது: 60 வயதில் முன்னது 160 என்றால் பின்னது 166. ஆனால் இரண்டுமே சராசரிகள். ஒரே வயதுடையவர்களிடையே பத்துத் துடிப்பு மேலோ கீழோ இருப்பது வெகு சாதாரணம். 40 வயதுக்காரருக்கு இரண்டு சூத்திரமும் 180 என்கின்றன. அதில் 90 சதவீதம் 162. அவருடைய உண்மையான உச்சம் 192 என்றால் 162 என்பது வெறும் 84 சதவீதம்: தீவிரப் பயிற்சி என்று நினைத்து நடுத்தரப் பயிற்சி செய்கிறார். உண்மையான உச்சம் 168 என்றால் அதே 162 என்பது 96 சதவீதம். நான்கு நிமிடம் அவரால் தாங்க முடியாது, தனக்குத் திறன் இல்லை என்று மனம் விட்டுவிடுவார். இதய நோய் இல்லாத, மருத்துவர் அனுமதித்த, ஏற்கெனவே பயிற்சிக்குப் பழகியவர்கள் நன்றாகச் சூடேற்றியபின் நான்கு நிமிடக் கடும் சுற்றுகள் இரண்டு முடித்து, மூன்றாவதில் முடிந்தவரை முடுக்கி, மார்புப் பட்டை (மார்பில் கட்டும் துடிப்பு உணரி) காட்டும் மிக உயர்ந்த எண்ணைக் கடிகாரத்தில் கைப்பட உள்ளிடுவது நல்லது. சில கடிகாரங்கள் தாமாகவே உச்சத்தைத் திருத்திக்கொள்ளும். முன்பு சொன்ன கேடன்ஸ் லாக் ஒருநாள் 203 என்று போலியாகக் காட்டிவிட்டால் அதையே உச்சமாக ஏற்று எல்லா மண்டலங்களையும் மேலே தள்ளிவிடும். அந்தத் தானியங்கித் திருத்தத்தை அணைத்துவைப்பதே என் பரிந்துரை. ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் தரப்படும் பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை எடுப்பவர்களுக்கு எந்தச் சூத்திரமும் பொருந்தாது. மாத்திரை துடிப்பையே அடக்கிவைத்திருக்கும்.

மார்புப் பட்டையைச் சொன்னேன். ஃபின்லாந்தின் போலார் நிறுவனம் 1982-இல் கம்பியில்லாத மார்புப் பட்டையை விற்பனைக்குக் கொண்டுவந்ததிலிருந்து இதன் அடிப்படை மாறவில்லை. இது ஒளியை அல்ல, இதயத்தின் மின்னலையை நேரடியாக எடுக்கிறது. துடிப்புக்குத் துடிப்பு இடைவெளியை அளப்பதால் கடிகாரத்தின் தாமதத்தில் பெரும்பகுதி இங்கே இல்லை. ஆனால் இதற்கும் பக்குவம் உண்டு. பட்டையின் உட்புறத்தில் பளபளப்பாக இருக்கும் இரண்டு மின்முனைப் பகுதிகளைத் தண்ணீரில் நனைத்தபின்தான் கட்ட வேண்டும். உலர்ந்த மின்முனை முதல் ஐந்து நிமிடங்களுக்குத் தாறுமாறான எண்களைத் தரும், வியர்த்தபின் தானாகச் சரியாகும். மார்புத் தசைக்குச் சற்றுக் கீழே, ஆழமாக மூச்சிழுத்தாலும் நழுவாத இறுக்கத்தில் இருக்க வேண்டும். தளர்வான செயற்கை இழைச் சட்டை பட்டையில் உரசினால் நிலைமின்சாரம் உண்டாகித் துடிப்பு 200-க்கு மேல் எகிறும். உடலோடு ஒட்டிய சட்டை அணிந்தால் அது நிற்கும். முடிந்ததும் உணரிப் பெட்டியைக் கழற்றிவிடுங்கள், ஈரப் பட்டையோடு மாட்டியே வைத்தால் நாணய வடிவ பேட்டரி வீணாகத் தீரும். பட்டையைத் தண்ணீரில் அலசி உலர்த்துங்கள். உப்பு ஏறி இலாஸ்டிக் தளர்ந்த பட்டைதான் பல நேரங்களில் 'உணரி கெட்டுப்போச்சு' என்று தூக்கியெறியப்படுகிறது. பட்டையை மட்டும் மாற்றினாலே போதும்.

மார்பில் கட்டப் பிடிக்காதவர்கள் மேற்கையிலோ முன்கையின் மேற்பகுதியிலோ கட்டும் ஒளிப் பட்டையைப் பார்க்கலாம். அதுவும் ஒளியால்தான் அளக்கிறது, ஆனாலும் அந்த இடத்தில் எலும்பும் தசைநாரும் குறைவு, அசைவும் குறைவு. புஷ்-அப்பிலும் கெட்டில்பெல்லிலும் மணிக்கட்டைவிட நன்றாகத் தாக்குப்பிடிக்கிறது. எதை வாங்கினாலும் உங்கள் கடிகாரம் வெளி உணரியை ஏற்குமா, ஏற்றால் எந்தக் கம்பியில்லா இணைப்பு, ப்ளூடூத்தா ஏ.என்.டி. பிளஸ்ஸா என்று முதலில் பாருங்கள். சில கடிகாரங்கள் வெளி உணரியை ஏற்பதே இல்லை. அப்போது பட்டையைக் கைபேசிச் செயலியோடுதான் இணைக்க வேண்டியிருக்கும்.

உங்கள் கடிகாரம் எந்த அளவுக்கு நம்பத் தக்கது என்பதை நீங்களே அரை மணி நேரத்தில் சோதித்துக்கொள்ளலாம். ஒரு மார்புப் பட்டையை இரவல் வாங்கிக் கைபேசியோடு இணையுங்கள். கடிகாரத்தோடு இணைத்துவிடாதீர்கள், இணைத்தால் கடிகாரம் தன் ஒளி உணரியை ஒதுக்கிவிட்டுப் பட்டையின் எண்ணையே காட்டும். இரண்டிலும் பதிவை ஒரே நேரத்தில் தொடங்குங்கள். பத்து நிமிடம் சூடேற்றல், பிறகு 30 வினாடி கடும் உழைப்பும் 90 வினாடி மெதுவான அசைவுமாக எட்டுச் சுற்று, பிறகு ஐந்து நிமிடம் ஆறவிடல். இரண்டு வரைகோடுகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். சராசரியை ஒப்பிடாதீர்கள், மேலே போன பிழையும் கீழே போன பிழையும் சமனாகிச் சராசரி அழகாகப் பொருந்திவிடும். பார்க்க வேண்டியவை வேறு. பட்டையில் எட்டு மேடுகள் இருக்கும். கடிகாரத்திலும் எட்டும் தெரிகின்றனவா, இல்லை ஒரே சரிவாக மழுங்கிவிட்டனவா? ஒவ்வொரு மேட்டின் உச்சமும் எத்தனை வினாடி தள்ளி வருகிறது? உச்சங்களில் எத்தனை துடிப்பு வித்தியாசம்? எட்டு மேடும் தெளிவாகத் தெரிந்து, தாமதம் பத்து வினாடிக்குள், உச்ச வித்தியாசம் ஐந்துக்குள் இருந்தால் அந்தப் பயிற்சிக்கு உங்கள் கடிகாரம் போதும். சைக்கிளில் தேறிய கடிகாரம் பர்ப்பீயில் தோற்கலாம் என்பதால், நீங்கள் வழக்கமாகச் செய்யும் பயிற்சியிலேயே சோதியுங்கள். கழுத்தில் விரல் வைத்து எண்ணிச் சோதிக்கலாமே என்பார்கள். பத்து வினாடி எண்ணி ஆறால் பெருக்கும்போது ஒரு துடிப்பு தவறினால் ஆறு துடிப்புப் பிழை. எண்ணி முடிப்பதற்குள் துடிப்பும் இறங்கிவிடுகிறது. ஓய்வில் சரிபார்க்க அது போதும், உச்சத்தைப் பிடிக்க உதவாது.

இந்தச் சோதனைக்கு முன் இரண்டு அமைப்புகளைக் கவனியுங்கள். பதிவு இடைவெளியை ஒவ்வொரு வினாடிக்கும் என்று மாற்றுங்கள். 'ஸ்மார்ட்' என்ற பெயரில் உள்ள பதிவு முறை, மாற்றம் இருப்பதாகத் தான் கருதும்போது மட்டுமே புள்ளி வைக்கும், குறுகிய சுற்றுகள் அதில் கரைந்துவிடும். பேட்டரி சேமிப்பு முறை அணைந்திருக்கட்டும். அது துடிப்பு அளவீட்டைக் குறைக்கவோ நிறுத்தவோ கூடும். பயிற்சியைத் தொடங்கும் பொத்தானை அழுத்துமுன் துடிப்பு எண் திரையில் நிலைபெறும்வரை காத்திருங்கள்.

துடிப்பு வேண்டாம் என்றால் குறுகிய சுற்றின் கடுமையை எதை வைத்து அளப்பது? சைக்கிளிலும் ரோயிங் மெஷினிலும் வாட் எண் இருக்கிறது. மிதித்த நொடியே மாறும். முதல் சுற்றில் எத்தனை வாட் தந்தீர்களோ கடைசிச் சுற்றிலும் அதற்கு அருகில் தர முடிகிறதா என்று பாருங்கள். டிரெட்மில்லில் பெல்ட்டின் வேகம். திறந்த வெளி ஓட்டத்தில் ஜி.பி.எஸ். காட்டும் நொடி வேகத்தை 20 வினாடிப் பாய்ச்சலுக்கு நம்ப வேண்டாம், அதுவும் சராசரி எடுத்துத்தான் வருகிறது. அளந்து குறித்த ஒரு தூரத்தை எத்தனை வினாடியில் கடக்கிறீர்கள் என்பது மேல். கருவியின்றி உடல் எடையைக் கொண்டே செய்யும் பயிற்சியில் ஒரு சுற்றுக்கு எத்தனை முறை என்று எண்ணுங்கள்: முதல் சுற்றில் 12 பர்ப்பீ, கடைசியில் 10 என்றால் வேகத்தைச் சரியாகப் பங்கிட்டிருக்கிறீர்கள், 15-இல் தொடங்கி 6-இல் முடிந்தால் தொடக்கத்தில் அவசரப்பட்டிருக்கிறீர்கள். இவற்றோடு பத்துக்கு எத்தனை என்ற உழைப்பு உணர்வு மதிப்பெண். எட்டு அல்லது ஒன்பது என்றால் இரண்டு சொல்லுக்கு மேல் தொடர்ந்து பேச முடியாது. கருவியில்லாத இந்த மதிப்பீட்டைப் பலர் மட்டமாக நினைக்கிறார்கள். சில வாரம் பழகியவருக்கு அது குறுகிய சுற்றில் மணிக்கட்டின் எண்ணைவிட மேலான வழிகாட்டி.

இதற்கெல்லாம் நடுவே கடிகாரத்தின் மிகச் சிறந்த பயனைப் பலர் தொடுவதே இல்லை. அது நேரம். உள்ளே இருக்கும் குவார்ட்ஸ் படிகம் வினாடிக்கு 32,768 முறை அதிர்ந்து நேரம் காக்கிறது. பயிற்சி நேரத்துக்குள் அதில் பிழை என்பதே இல்லை எனலாம். இடைவெளிப் பயிற்சித் திட்டத்தை முன்கூட்டியே உள்ளிட்டு, சுற்றின் தொடக்கத்திலும் முடிவிலும் அதிர்வு வரும்படி வையுங்கள். திரையில் மீதி வினாடி மட்டும் பெரிதாகத் தெரியட்டும், துடிப்பை அந்தப் பக்கத்திலிருந்து எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு சுற்றும் தனி லேப்பாகப் பதிவாகும் என்பதால் பிறகு ஒப்பிடுவதும் எளிது. அடுத்த சுற்றைத் துடிப்பு 130-க்கு இறங்கியபின் தொடங்குவேன் என்று காத்திருப்பவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: இறங்கும்போதும் கடிகாரம் பிந்தியே சொல்லும், உண்மையில் 130-ஐத் தாண்டிப் பத்துப் பதினைந்து வினாடி ஆகியிருக்கும். குறுகிய ஓய்வுகளை வினாடியில் வையுங்கள்.

பயிற்சி முடிந்தபின் பார்க்கத் துடிப்பு நல்ல தரவுதான். ஒரே பயிற்சியை ஒரே கருவியோடு வாரக் கணக்கில் செய்யும்போது, அதே வாட்டுக்கு அந்தப் பயிற்சியில் எட்டும் மிக உயர்ந்த துடிப்பு குறைகிறதா, நிறுத்திய முதல் நிமிடத்தில் எவ்வளவு இறங்குகிறது என்பவை முன்னேற்றத்தைக் காட்டும். கருவியின் பிழை ஒவ்வொரு வாரமும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருப்பதால் போக்கு தெரிந்துவிடும்.

கலோரிக்கு அந்தச் சலுகையும் கிடையாது. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தினர் 2017-இல் வெளியிட்ட ஆய்வில் ஏழு மணிக்கட்டுக் கருவிகளை 60 பேரிடம் சோதித்தார்கள். துடிப்பில் ஆறு கருவிகள் 5 சதவீதப் பிழைக்குள் வந்தன. செலவான ஆற்றலிலோ, இருந்ததில் சிறந்த கருவிக்கே சராசரி 27 சதவீதப் பிழை; மோசமானதற்கு 93 சதவீதம். அதுவும் நடை, ஓட்டம், சைக்கிள் போன்ற சீரான உழைப்பில். துடிப்புக்கும் ஆற்றலுக்கும் உள்ள உறவு சீரான உழைப்பில்தான் நேர்கோட்டில் இருக்கும். இடைவெளிப் பயிற்சியில் ஓய்வின்போதும் துடிப்பு உயர்ந்தே நிற்க, கடிகாரம் அதையும் உழைப்பாகக் கணக்கிடும்; ஆக்சிஜன் இன்றித் தசை செலவிட்ட ஆற்றலோ அதன் கண்ணில் படாது. கருவிகள் அதன்பின் மேம்பட்டிருந்தாலும் இந்த அடிப்படைச் சிக்கல் அப்படியே இருக்கிறது. கடிகாரம் 420 கலோரி என்றதை நம்பி அதே அளவு கூடுதலாகச் சாப்பிடுவது உடல் எடை குறைக்க முயல்பவர்கள் செய்யும் பெரிய தவறு. உச்ச ஆக்சிஜன் பயன்பாடு (VO2 max) என்று காட்டும் எண்ணும் சீரான ஓட்டத்தின் வேகத்தையும் துடிப்பையும் வைத்துச் செய்யும் கணிப்பே. அறைக்குள் செய்யும் பர்ப்பீயிலிருந்து அதை எதிர்பார்க்க முடியாது.

உயிரைப் பற்றியது என்பதால் இதையும் சொல்லியாக வேண்டும். பயிற்சியின்போது மார்பில் அழுத்தம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, தலைசுற்றல், இயல்புக்கு மீறிய மூச்சுத்திணறல் வந்தால் கடிகாரம் என்ன காட்டினாலும் நிறுத்திவிட்டு உடனே மருத்துவ உதவி நாடுங்கள். "எண் இயல்பாகத்தானே இருக்கிறது" என்று தொடரவே கூடாது. கடிகாரத்தில் உள்ள இ.சி.ஜி. வசதி அசையாமல் உட்கார்ந்து 30 வினாடி எடுக்க வேண்டியது. மாரடைப்பைக் கண்டுபிடிக்க அதனால் முடியாது. கடும் பயிற்சியில் தெரியும் தாறுமாறான எண்கள் பெரும்பாலும் உணரிப் பிழையே. ஆனாலும் உடல் அறிகுறியோடு சேர்ந்து வந்தாலோ, மார்புப் பட்டையிலும் திரும்பத் திரும்பத் தெரிந்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள். நீண்ட காலம் பயிற்சி இல்லாதவர்கள், சர்க்கரை நோய், உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்கள் தீவிர இடைவெளிப் பயிற்சியைத் தொடங்குமுன்னரே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

ஆசிரியர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இனி இத்தகைய கருவி மதிப்பீடுகளை வெளியிடும்போது நான்கு கேள்விகளுக்கு விடை சேர்த்துத் தாருங்கள்: வெளி உணரியை அந்தக் கடிகாரம் ஏற்குமா? வினாடிக்கு ஒரு முறை பதிவு செய்யும் வசதி உண்டா? உச்சத் துடிப்பைக் கைப்பட உள்ளிட முடியுமா? இடைவெளிப் பயிற்சித் திட்டத்தைக் கட்டணச் சந்தா இல்லாமலே உருவாக்க முடியுமா? முடிந்தால், 30 வினாடிச் சுற்றுகளில் மார்புப் பட்டையோடு ஒப்பிட்ட வரைகோட்டையும் ஒரு படமாக வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
உடற்பயிற்சிப் பயிற்றுநர் ஒருவர்